முற்றத்துக் கோழியும் பலிபீடமும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கல்பிட்டி முதல் சிலாபம் வரை நீளும் புத்தளக் கரையோரத்தில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றனர். இவர்களது வழிபாடும் சடங்கும் வேறுபடினும், முற்றத்தில் மேயும் கோழி அனைவருக்கும் பொதுவானது. பெரும்பாலும் பெண்களின் பராமரிப்பில் வளரும் அக்கோழி விருந்துக்கு இறைச்சியாகவும், அவசரத் தேவைக்குக் கைமுதலாகவும் பயன்படுவது. அதனை யார், எத்தெய்வத்தின் பெயரால் கொல்லலாம் என்ற வினா இப்பகுதியில் பெரும் சர்ச்சைகளை எழுப்பியுள்ளது. ஆனால் அதனை எவ்வாறு குறைந்த வேதனையுடன் கொல்வது என்ற வினாவோ உரிய கவனத்தைப் பெறவில்லை. இம்முரண்பாட்டின் வரலாற்று அடிப்படையை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

சட்டத்தை முதலில் நோக்குவோம். 1893ஆம் ஆண்டின் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் தொழிலாக இறைச்சி விற்போரை அனுமதிப்பத்திர முறைக்குள் கொண்டுவந்தது. 1907ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், தேவையற்ற கொடுமையுடன் விலங்கொன்றைக் கொல்வதைத் தனிக் குற்றமாக்கியது. அதற்குத் தண்டப்பணமும் விதிக்கப்பட்டது. கொல்வதன்று, கொடுமையாகக் கொல்வதே குற்றம் என்ற இக்கோட்பாடு கவனத்திற்குரியது. எனினும் பிற்காலப் பொது விவாதங்கள் இக்கோட்பாட்டைப் பற்றி நிற்கவில்லை.

சிலாபத்துக்கு அண்மையிலுள்ள முன்னேசுவரம் இதற்குத் தக்க சான்றாகும். அங்குள்ள காளி கோயிலின் ஆண்டுத் திருவிழாவில் ஆடுகளும் கோழிகளும் பலியிடப்பட்டு வந்தன. நேர்ந்துகொண்டு வருவோருள் சிங்கள பௌத்தர் பெருந்தொகையினர் என்பதை மானிடவியலாளர் ரொஹான் பஸ்தினின் 2002ஆம் ஆண்டு நூலும் புலப்படுத்துகின்றது. 2011 செப்டெம்பரில் அமைச்சர் மேர்வின் சில்வா ஆதரவாளர்களுடன் அங்கு சென்று, பலிக்கெனக் கொணரப்பட்ட விலங்குகளை அகற்றினார். 2018இல் இந்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் முன்மொழிவுக்கு அமைச்சரவை இணங்கியது. பல சமயத்தவரும் பங்குகொண்ட ஒரு வழக்கம் இவ்வாறு ஒரு சமயத்தின் குற்றமாகச் சுருக்கப்பட்டது.

பலியை எதிர்த்தோர் அனைவரும் வெளியார் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவ ஆகம நிலைநின்று அதனைக் கண்டித்தார். தமிழகத்தில் 1950இல் இயற்றப்பட்ட பலித் தடைச் சட்டம் நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதனைக் கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்தபோது கிராமத் தெய்வங்களை வணங்கும் எளிய மக்களே பாதிப்புற்றனர்; 2004இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட கத்தி இறைச்சிக் கடையில் வழமைபோல் இயங்கியமை, தடையின் இலக்கு விலங்கின் வேதனையா, மக்களின் வழிபாடா என்ற ஐயத்தை எழுப்புவதாகும்.

இதே ஐயம் 2013ஆம் ஆண்டின் ஹலால் எதிர்ப்பு இயக்கத்திலும் எழுகின்றது. பொது பல சேனா முன்னின்று நடத்திய அவ்வியக்கம் உணவுப் பொதிகளின் முத்திரையை எதிர்த்ததேயன்றி அறுக்கும் முறையின் நன்மை தீமைகளை ஆராயவில்லை. ஆனால் கத்தி கூர்மையாயிருத்தல் வேண்டும், அதனை விலங்கின் கண்முன் தீட்டலாகாது, அறுக்கப்படும் உயிருக்கு ஆறுதல் அளிக்க வேண்டும் என்பன இஸ்லாமிய மரபின் நெறிகளாகும்.

இந்நெறிகளை இன்றைய விலங்கு நல அறிவியலுடன் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. பறவைகளுக்கு உதரவிதானம் இல்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் உள்ளுறுப்புகள் காற்றுப்பைகளை அழுத்தும். எனவே சிறகுகளை உடலோடு அணைத்துப் பிடித்தலே தகும். பிற கோழிகளின் பார்வைக்கு அப்பால், அமைதியான இடத்தில், கழுத்தின் இருபக்கப் பெருநாடிகளையும் ஒரே வீச்சில் அறுத்தல் வேண்டும். அவ்வாறு அறுத்தபின்னும் உணர்வு உடனே நீங்குவதில்லை. பல வினாடிகள் நீடிக்கக்கூடும். முன்னரே உணர்விழக்கச் செய்தல் வேண்டும் என்று பல நாடுகள் விதிப்பதற்கு இதுவே காரணம். அசைவு முற்றாக அடங்குமுன் வெந்நீரில் அமிழ்த்துவது பெருங்கொடுமை. கழுத்தெலும்பைக் கையால் விலக்கிக் கொல்லும் முறைக்கும் வரம்புண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அதனை 3 கிலோகிராமுக்கு மேற்படாத பறவைகளுக்கும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 பறவைகளுக்கும் மட்டுப்படுத்துகின்றது. கை சோர்ந்தால் கருணையும் சோரும் என்பதை அவ்விதி ஏற்றுக்கொண்டுள்ளது எனலாம்.

புத்தளத்தை உள்ளடக்கிய வடமேல் மாகாணம் இன்று வணிகக் கோழி வளர்ப்பின் முக்கிய நிலைக்களம். உலகெங்கும் பெரும் கொல்களங்களில் கோழிகள் காலிற் கொளுவப்பட்டுத் தலைகீழாகவே நகர்த்தப்படுகின்றன. அவ்வேதனை பொதுமக்களின் கண்ணுக்குப் படுவதில்லை. பலிபீடமும் முற்றமும் கண்ணுக்குப் படுகின்றன. கண்ணுக்குப் படுவதையே கொடுமையெனக் கொள்ளும் அறம் வலியோர்க்கு வசதியானது. கொடுமையை அளக்கும் கோல் கொல்லப்படும் உயிரின் வேதனையாக இருத்தல் வேண்டும். கொல்பவரின் சமயமாக இருத்தலாகாது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் முன்வைத்த அக்கோலை முற்றத்துக்கும் கோயிலுக்கும் தொழிற்சாலைக்கும் ஒருசேரப் பிரயோகிப்பதே நேர்மையான வழியாகும்.