கரும்பலகையில் ஓர் ஆமை: சப்ரகமுவத் தோட்டங்களும் சித்திரப் பாடமும்

முதலில் கவிழ்த்து வைத்த சிரட்டை போல ஓர் அரைவட்டம். அதன் அடியில் ஒரு நேர்கோடு. முன்புறம் பெருவிரல் அளவில் ஒரு தலை, பின்புறம் சிறிய முக்கோணமாக வால், கீழே இரண்டு கட்டைக் கால்கள். ஓட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள். ஆமை வந்துவிடும். இலங்கையின் தமிழ்ப் பாடசாலைகளில் படித்தவர்களிற் பலர் தம் வாழ்நாளில் முதன்முதல் வரைந்த பிராணி இதுவாகத்தான் இருக்கும். யானையை இவ்வளவு எளிதாக வரைய முடியாது. குதிரை வரையப் புகுந்தவன் கழுதையில் முடிப்பான். ஆமை மட்டும் எவருக்கும் கைகொடுக்கும்.

படிப்படியாக வரையும் இந்தப் பாடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் அவ்வரலாறு இன்னொன்றோடு பின்னிக் கிடக்கிறது. தொழிலாளியின் பிள்ளைக்கு எதைக் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்க வேண்டியதில்லை என்று பிறர் முடிவு செய்த வரலாறு அது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் விட்டது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச்சட்டம் அப்பொறுப்பைச் சற்று இறுக்கியது. எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற மூன்றுக்கு மேல் தோட்டப் பள்ளியிலிருந்து எவரும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளை பத்து வயதைத் தாண்டினால் கொழுந்துக் கூடையோ இறப்பர்ப் பால் வாளியோ காத்திருந்தது. துரைமாருக்கு வேண்டியிருந்தது பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் வந்து நிற்கும் கைகள். அந்தக் கைகள் கோடு இழுக்கப் பழக வேண்டுமென்று எண்ண அவர்களுக்கு என்ன காரணம் இருந்தது?

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை, கஹவத்தை என்று பரந்து கிடந்த தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலும் ஒரு மண்டபம்; பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் நின்ற தகரக் கொட்டகையும் உண்டு. ஒரே வாத்தியார் ஐந்து வகுப்புகளையும் ஒன்றாக வைத்துப் பாடம் சொன்னார். லயத்தாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும், கோவில் திருவிழாக் கணக்கைப் பார்த்தவரும் பல இடங்களில் அவரே. அவரிடம் இருந்த கருவிகள் கரும்பலகையும் வெண்கட்டியும். பிள்ளைகளிடம் இருந்தவை சிலேட்டும் குச்சியும். சிலேட்டில் வரைந்த படத்துக்கு ஆயுள் சில நிமிடங்களே. அடுத்த கணக்குக்காக உள்ளங்கை எச்சில் அதனை அழித்துவிடும். அக்காலத்துத் தோட்டப் பிள்ளை வரைந்த ஒரு சித்திரத்தையேனும் நாம் இன்று காண்பது அரிது. இதற்கு அந்தச் சிலேட்டும் ஒரு காரணம்.

இதே 1920ஆம் ஆண்டுதான் சார்ள்ஸ் ஃபிறீகுறோவ் வின்சர் என்ற ஓவியர் அரசாங்கச் சித்திரப் பரிசோதகராக இலங்கைக்கு வந்தார். ஐரோப்பிய நவீன ஓவியத்தில் தோய்ந்தவர். பாடசாலைச் சித்திரக் கல்வியை வெறும் நகலெடுப்பிலிருந்து விடுவிக்க முயன்றவர். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், 1943இல் லயனல் வென்ட் முதலியோருடன் '43 குழு'வில் சேர்ந்து நின்றார். வடக்கில் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்துச் சித்திர ஆசிரியர்களைத் திரட்டி ஒரு கழகம் அமைத்து, அதற்கு வின்சரின் பெயரையே இட்டார். யாழ்ப்பாணத்து ஓவிய மரபைப் பற்றி எழுதுவோர் அந்த இடத்திலிருந்தே தொடங்குவது வழக்கம். வின்சரின் அலை கொழும்பைத் தொட்டது, யாழ்ப்பாணத்தைத் தொட்டது. இரத்தினபுரித் தோட்டத்து மண்டபத்துக்குள் அது நுழையவில்லை. மூன்று பாடங்களுக்காக நடந்த பள்ளியில் சித்திரப் பரிசோதகருக்கு என்ன வேலை?

இதில் ஒரு வினோதம் உண்டு. இதற்கு ஒன்றரைத் தசாப்தத்துக்கு முன்பே, சித்திரம் எவ்வாறு பயிலப்பட்டது என்பதை ஆழ்ந்து ஆராய்ந்த ஒருவர் இதே மலைகளில் நடந்து திரிந்திருந்தார். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் தலைவராக இருந்தவர். 1904இல் தோரியனைற்று என்ற கனிமத்தை அவர் கண்டறிந்தது பலாங்கொடைப் பகுதியில்தான். கல்லைத் தேடிப் போனவரின் கண் கைவினைஞர் மீது விழுந்தது. 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் அதன் விளைவு. கண்டிய மரபில் சித்திரக்காரர் வீட்டுப் பையன் எடுத்த எடுப்பில் மலரையோ மிருகத்தையோ வரைவதில்லை என்று அதில் பதிவு செய்திருக்கிறார். முதற் பாடம் 'வக தெக' எனும் இரட்டை வளைவு. அந்த வளைவு கைக்குப் பழகிய பின்னரே கொடி, பூ, விலங்கு என்று வளரலாம். அதுவும் படிப்படிதான்.

ஐரோப்பாவில் இந்தப் படிப்படி முறை பெரும் சச்சரவுக்குள்ளானது. 1850களில் ஹென்றி கோல் இலண்டனில் அமைத்த முறை, தொழிற்சாலைகளுக்கு வரைகலைஞரை உருவாக்கும் நோக்குடையது. நேர்கோடு, வளைகோடு, அச்சுப் படத்தைப் பார்த்து அப்படியே வரைதல் என்று படிமுறை வகுத்து, பரீட்சையும் வைத்தது. பேரரசின் பள்ளிகளெங்கும் அதன் நிழல் படர்ந்தது. அதற்கு எதிர்முனையில் 1897இல் வியன்னாவில் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக், குழந்தை தன் மனத்திலிருந்து வரையட்டும், பெரியவன் கையை எடுக்கட்டும் என்றார். இவற்றுக்கு நடுவே, 1913இல் அமெரிக்கரான ஈ. ஜி. லட்ஸ் 'எதை வரைவது, எப்படி வரைவது' என்ற பொருள்படும் சிறுவர் நூலொன்றை வெளியிட்டார். ஒவ்வொரு படமும் சில கோடுகளில் தொடங்கி, கட்டம் கட்டமாக நிறைவுபெறும். கலைக் கல்வியாளர் முகம் சுளித்தாலும் இந்த வடிவம் உலகெங்கும் பரவியது. தமிழ்ப் பத்திரிகைகளின் சிறுவர் பகுதிகளும் அதை விடவில்லை. பக்கத்தின் மூலையில் மிஞ்சிய இடத்தை நிரப்ப அதைப்போல உதவியது வேறெதுவுமில்லை என்பது பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும்.

என் அனுதாபம் லட்ஸின் பக்கம்தான். குழந்தையைச் சுதந்திரமாக விடு என்று சொல்ல, தாளும் வர்ணமும் தேர்ந்த ஆசிரியரும் வேண்டும். ஒன்றுமே இல்லாத இடத்தில் நான்கு படிகளில் ஓர் ஆமை என்பது சிறிய காரியமல்ல. தானே சித்திரம் கற்றிராத வாத்தியாரும் அதைக் கற்பிக்க முடியும். "எனக்கு வராது" என்று ஒதுங்கும் பிள்ளையும் மணி அடிப்பதற்குள் ஒன்றை முடித்துக் காட்ட முடியும்.

அந்த நான்கு படிகளுங்கூடத் தோட்டங்களுக்குத் தாமதமாகவே வந்தன. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியிலேயே நின்றன. இடையில் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை குடும்பங்களைக் கூறுபோட்டது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னர், எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்துதான் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரச பாடசாலைகளாயின.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு அந்த ஆண்டுகள் வேறொன்றையும் கொண்டுவந்தன. 1977இல் வன்செயல், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, பலாங்கொடை, கஹவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் தாக்கப்பட்டன, 1983இல் மீண்டும். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடும்பங்கள் மூட்டை கட்டின. தமிழர் செறிந்து வாழும் நுவரெலியாவைப் போலன்றி, இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளாகச் சிதறிக் கிடந்தன. ஆபத்து வந்தால் ஒதுங்க இடமில்லை. தமிழ் ஆசிரியரை அனுப்புவதும் கடினம். அனுப்பினால் தங்கவைப்பது அதனினும் கடினம். எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவீடனின் சீடா நிறுவன உதவியால் தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. சித்திரம் அட்டவணையில் இடம்பெற்றது. இன்று ஆறாம் வகுப்பிலிருந்து சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்ற அழகியற் பாடங்களுள் ஒன்றைப் பிள்ளை படித்தாக வேண்டும். அவற்றுள் எதற்கு ஆசிரியர் இருக்கிறார் என்பது வேறு கேள்வி. ஆசிரியர் இல்லாத சித்திரப் பாடத்தை எவராவது ஒருவர் நிரப்ப வேண்டியிருக்கிறது. கரும்பலகை ஆமை பிழைத்திருப்பது அதனால்தான்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். அது எந்த ஆமை? உயர்ந்து குவிந்த ஓடும் தூண் போன்ற கால்களுமாகக் கரும்பலகையில் நிற்பது தரை ஆமை. இலங்கையில் அந்த வடிவத்துக்கு உரியது நட்சத்திர ஆமை. அது உலர் வலயத்துக்குரியது. இரத்தினபுரி மாவட்டத்தில் காண வேண்டுமானால் மலையிறங்கி எம்பிலிப்பிட்டி, உடவளவைப் பக்கம் போக வேண்டும். தெரணியகலைத் தோட்டத்துப் பிள்ளை ஓடைக்கரையில் காண்பது வேறு பிராணி. கறுத்து, நீண்டு, தாழ்ந்த ஓடு. அதன் மேல் நீளவாக்கில் மூன்று மேடுகள். சிங்களவர் அதைக் 'கல் இப்பா' என்பர், கல்லாமை என்று பொருள். தெரணியகல என்ற அதே ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட பி. ஈ. பி. தெரணியகல, இலங்கையின் ஆமைகளையும் முதலைகளையும் பற்றி 1939இல் வெளியிட்ட நூலில் இவ்வினத்தையும் விரிவாக ஆராய்ந்தார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று விரட்டுவதற்கு முன் லயத்தார் இதனை ஒருமுறை நின்று பார்த்திருக்கலாம். பார்ப்பதுதான் சித்திரத்தின் பாதி.

வரையத் தொடங்குவோர் அடுத்த முறை இதனை முயலலாம். கவிழ்த்த சிரட்டை வேண்டாம். மலைச்சரிவு போல் நீண்டு தாழ்ந்த ஒரு வளைவு போடுங்கள். அதன் இரு முனைகளையும் சற்றே கீழே தொய்ந்த கோட்டால் இணையுங்கள். அதற்கு ஒரு விரற்கடை மேலே, அதே போக்கில் இன்னொரு கோடு. இது ஓட்டின் விளிம்பு. தலையை ஓட்டில் ஒட்டவைக்காதீர்கள். முன்விளிம்பின் அடியிலிருந்து கழுத்து வெளிப்பட வேண்டும். விலா எலும்பும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றானதே ஓடு; ஆமை அதற்குள் குடியிருக்கவில்லை, அதுவே ஆமையின் உடம்பு. கால்களும் மேலோட்டுக்கும் அடியோட்டுக்கும் இடையிலிருந்தே வரும். விரல்களுக்கிடையே சவ்வு உண்டு, ஆகவே பாதத்தைச் சற்று விரித்துக் காட்டுங்கள்.

இனித் தகடுகள். இங்கேதான் கரும்பலகை ஆமை பெரும்பாலும் பிழைபடும். குறுக்குக் கோடுகளை மனம்போனபடி இழுத்துவிடுவார்கள். முதுகின் நடுவே ஐந்து தகடுகள், பக்கத்துக்கு நான்காக எட்டு, ஆகமொத்தம் பதின்மூன்று. பக்கத்திலிருந்து வரையும்போது, மேல்வளைவுக்குக் கீழே அதற்கு இணையாக ஒரு கோடு இழுத்து, மேற்பட்டையை ஐந்தாகவும் கீழ்ப்பரப்பை நான்காகவும் பிரியுங்கள். மேற்கோடுகளும் கீழ்க்கோடுகளும் நேருக்குநேர் சந்திக்கக் கூடாது. செங்கற் சுவரில் போல மாறிமாறி விழ வேண்டும். விளிம்புப் பட்டையைச் சிறு சதுரங்களாக நறுக்குங்கள். நடுமேடு மேல்வளைவிலேயே தெரியும். பக்கத்து மேட்டுக்கு, நான்கு தகடுகளின் மேற்பாதியிலும் நீளவாக்கில் ஒரு தடித்த கோடு போதும்.

வர்ணத்துக்குச் செலவில்லை. அடுப்புக்கரி ஓட்டுக்கு. தலையின் பக்கங்களில் இங்குள்ள கல்லாமைக்குச் செம்மஞ்சட் புள்ளிகள் உண்டு. உடைந்த செங்கற்றுண்டு ஒன்றைத் தாளில் தொட்டுத்தொட்டு வைத்தால் அவையும் வந்துவிடும்.