கொட்டாஞ்சேனைக் கொட்டகையும் வெள்ளவத்தை நூலகமும்: அரங்க வரலாற்று ஆய்வின் தொடக்கம் பற்றிச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் நாடகத்தின் வரலாற்றை ஆராயப் புகும் மாணவர் ஒருவர் முதலில் நூலகத்தையே நாடுவார். அவர் கொழும்பில் வாழ்பவராயின், வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் அமைந்துள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலிருந்து தமது தேடலைத் தொடங்கக்கூடும். ஆனால் அவர் ஆராய விரும்பும் அரங்கின் வேர்கள் வெள்ளவத்தையில் இல்லை. நகரின் மறுகோடியில், துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பகுதிகளிலேயே கொழும்பின் கூத்தும் கொட்டகை நாடகமும் வாழ்ந்தன. நாடகம் ஆடியோர் ஓரிடத்தில். நாடகம் பற்றிய நூல்கள் வேறோரிடத்தில். சில மைல் தூரத்தைக் கொண்டு மட்டும் இவ்விடைவெளியை விளக்கிவிட முடியாது. அதன் சமூகக் காரணங்களை விளங்கிக்கொள்வதே அரங்க ஆய்வின் முதற்படி என்பது எமது கருத்தாகும்.

இக்கட்டுரை அரங்க வரலாற்றை எழுத முனையவில்லை. அவ்வாய்வை நூலகத்திலிருந்து எவ்வாறு தொடங்கலாம், நூலகம் தருவதையும் தராது விடுவதையும் எவ்வாறு வாசிக்கலாம் என்பன பற்றிச் சில குறிப்புகளைத் தருவதே இதன் நோக்கம். கொட்டாஞ்சேனையை நாம் உதாரணமாகக் கொள்கிறோம்.

1. பட்டியலை வாசித்தல்

ஆய்வாளர் முதலில் வாசிக்க வேண்டிய ஆவணம் நூலகத்தின் பட்டியலே. அதனை நூல்களைக் கண்டெடுக்கும் கருவியாக மட்டும் நாம் கருதிவிடுகிறோம். அறிவு எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளது என்பதற்கான சான்றும் அதுவே. பல நூலகங்களில் வழங்கும் தூயி தசமப் பகுப்பு முறை 1876இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அம்முறையின்படி தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணைப் பெறும். தமிழ் நாடகப் பனுவல் 894.8112 ஆகும். மேடை நிகழ்த்துகை 792இல் அடங்கும். ஆடல் 793இன் கீழும் நாட்டார் வழக்காறு 398இன் கீழும் சென்றுவிடும். கத்தோலிக்கக் கூத்து ஒன்று சமயம் பற்றிய 200ஆம் வரிசைக்குள்ளும் புகுந்துவிடலாம். களரியில் ஒரே இரவில் ஒன்றாக நிகழ்ந்த பாட்டும் ஆட்டமும் வழிபாடும் நூலகத்தில் ஐந்து அலுமாரிகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே 'நாடகம்' என்ற தலைப்பை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, சான்றுகள் இல்லை என்று கூறுவது தவறாகும். ஐந்து எண்களையும் தேடிச் சேர்த்தாலன்றி ஒரு கூத்து முழுமையுறாது.

இப்பகுப்பின் அடியில் ஒரு சமூக உண்மை உள்ளது. எழுதுதல் மூளை உழைப்பு எனவும் ஆடுதல் உடல் உழைப்பு எனவும் பிரிக்கப்பட்ட சமூகத்தில், எழுதப்பட்டது இலக்கியமாக மேல்தட்டிற் சேர்க்கப்படும். ஆடப்பட்டது வழக்காறாக ஒதுக்கப்படும். எமது ஆய்வு மரபும் இதற்கு விலக்கன்று. க. சொக்கலிங்கம் 1977இல் வெளியிட்ட முன்னோடி நூலின் பெயர் 'ஈழத்துத் தமிழ் நாடக இலக்கிய வளர்ச்சி'. சி. மௌனகுரு 1993இல் வெளியிட்ட நூலின் பெயர் 'ஈழத்துத் தமிழ் நாடக அரங்கு'. 'இலக்கியம்' என்ற சொல் 'அரங்கு' என்று மாறிய இப்பதினாறாண்டு இடைவெளியில் ஆய்வின் பொருளே மாறிவிட்டமை மனங்கொளத்தக்கது. முன்னைய நூல் பனுவல்களைத் திரட்டித் தந்தது. அத்திரட்டு இன்றேல் பின்னைய நோக்கிற்கு அடிப்படை இருந்திராது. தொடக்க ஆய்வாளர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பாராயின், தமக்குரிய வினாக்களைப் பெறுவார்.

இந்நோக்கு எமக்கு வந்த வழியையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவர்கள். கிரேக்க அவலநாடகத்தின் பிறப்பைச் சடங்கிலும் வர்க்க உருவாக்கத்திலும் தேடியவர் தொம்சன். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் ஆய்வு 1981இல் ஆங்கில நூலாக வந்தது. நாடகப் பனுவல் எதுவும் எஞ்சாத ஒரு காலத்து அரங்கைச் செய்யுள், இலக்கணம், உரை ஆகியவற்றிற் சிதறிக்கிடந்த குறிப்புகளிலிருந்து மீட்டெடுக்கலாம் என்பதை அது காட்டிற்று. பண்டைக் காலத்துக்கு இது இயலுமாயின், நேற்றைய கொட்டாஞ்சேனைக்கு ஏன் இயலாது?

2. கொட்டாஞ்சேனைக் கொல்லர்

சிங்கள நாடகத்தின் முதல் ஆசிரியராகப் பேசப்படும் பிலிப்பு சிங்ஞோ கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த கொல்லர் என்று நாடக வரலாற்றாசிரியர் கூறுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் ஆக்கியதாகக் கூறப்படும் 'எகலப்பொல நாடகம்' தமிழ்க் கூத்து மரபின் வழிவந்த வடிவத்தைச் சேர்ந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிலாபக் கரையிலும் ஆடப்பட்ட கத்தோலிக்கக் கூத்துகளுக்கும் சிங்கள நாடகத்துக்கும் இடையிலான தொடர்பை எதிரிவீர சரச்சந்திர விரிவாக எடுத்துக்காட்டினார். மூவிராசாக்களின் கதை தமிழிலும் உண்டு. 'ராஜ துன்கட்டுவ' எனச் சிங்களத்திலும் உண்டு.

இங்கு நாம் அவதானிக்க வேண்டியது யாதெனில், இவ்விரு மொழி அரங்குகளும் சந்தித்த இடம் துறைமுகத்தை அடுத்த தொழிலாளர் குடியிருப்பு என்பதாகும். கொல்லரும் தச்சரும் மீனவரும் துறைமுகக் கூலிகளும் சிறுவணிகரும் அருகருகே வாழ்ந்த தெருக்களில், தமிழ் மெட்டும் சிங்களச் சொல்லும் கலந்தன. 1956இல் சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியபோது நாடக மரபு தேசியக் கலையாக ஏற்கப்பட்டது. அவரோடு பேராதனையிற் பணியாற்றிய சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றின் வழியாகத் தமிழ்க் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். இரண்டும் பெரும் பணிகளே. ஆயினும் ஒவ்வொரு மொழியும் தனது தேசிய அரங்கைத் தனித்தனியே வடித்துக்கொண்ட அவ்வேளையில், இரண்டுக்கும் பொதுவான கொட்டாஞ்சேனைத் தெரு அடிக்குறிப்பாயிற்று. அந்த அடிக்குறிப்பை வரலாற்றின் உடலுக்குள் கொணர்வது இன்றைய ஆய்வாளரின் கடமையாகும். சிங்களத்தில் எழுதப்பட்டவற்றை வாசியாது இதனைச் செய்ய இயலாது என்பதையும் கூறிவைக்கிறோம்.

3. ஆட்சியாளர் வைத்த பதிவுகள்

நாடகக் கலைஞர் தம்மைப் பற்றி எழுதிவைக்கவில்லை. அவர்களைக் கண்காணித்தவர்கள் எழுதிவைத்தார்கள். எனவே அடுத்த நிலையாக அரச ஆவணங்களை நாட வேண்டும். 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின்படி இலங்கையில் அச்சாகும் நூல்கள் பதிவுக்குட்பட்டன. அவற்றின் விபரங்கள் காலாண்டு தோறும் அரச வர்த்தமானியில் வெளியாயின. வர்த்தமானியை நாடக ஆய்வாளர் யாரும் ஆவலோடு திறப்பதில்லை. ஆனால் ஒரு நாடகப் பனுவலின் பிரதி ஒன்றேனும் இன்று எஞ்சாதிருக்க, அதன் பெயரும் அச்சகத்தின் பெயரும் அப்பட்டியலிற் கிடைக்கக்கூடும். 1877இல் தொடங்கிய கொழும்பு நூதனசாலையின் நூலகம் இவ்வகைச் சேகரிப்பின் பழைய களஞ்சியம். வர்த்தமானிகளையும் பழைய செய்தித்தாள்களையும் தேசிய சுவடிக்கூடத்திற் பார்வையிடலாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொதுக் காட்சிகள் கட்டளைச் சட்டம் மேடையை அரசின் அனுமதிக்குள் கொணர்ந்தது. இந்தியாவில் 1876இலேயே நாடக நிகழ்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பேரரசுகள் நாவலை அஞ்சியதைவிட நாடகத்தை அதிகம் அஞ்சின. ஏனெனில் எழுத்தறியாத மக்களையும் நாடகம் ஒன்றுகூட்டும். அனுமதி கோரும் விண்ணப்பம், பனுவற் பிரதி, மறுப்பு, திருத்தம் என்ற வகைப் பதிவுகளை ஆய்வாளர் தேட வேண்டும். தணிக்கையாளர் வெட்டிய வரி எது என்று தெரியுமாயின், அக்காலத்து அரசு எதற்கு அஞ்சியது என்பதும் தெரியும்.

1871 முதல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீடுகளின் தொழிற் பட்டியல்கள், 1865இல் அமைந்த கொழும்பு மாநகர சபையின் அறிக்கைகள், பேர்கியூசன் கைநூலில் வரும் சங்கங்களின் விபரங்கள் என்பனவும் இவ்வகையில் அடங்குவன. இவற்றில் 'நாடகம்' என்ற சொல் அரிதாகவே தோன்றலாம். ஆயினும் பார்வையாளர் யார், அவர்கள் என்ன தொழில் செய்தனர், எங்கு வாழ்ந்தனர் என்பவற்றை அறிய இவை உதவும். பார்வையாளரை அறியாத ஒருவர் அரங்கை அறிந்தவராகார்.

4. செய்தித்தாளும் நினைவுநூலும்

செய்தித்தாளை வாசிக்கும் ஆய்வாளர் விமரிசனங்களையே முதலில் தேடுவது வழக்கம். விளம்பரப் பக்கத்திலிருந்து தொடங்குவது நன்று. நாடகத்தின் பெயர், கொட்டகை, நாள், நேரம், கட்டணம், கதிரை முதல் தரை வரையிலான இருக்கை வகுப்பு ஆகியன ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கியிருக்கும். இருக்கை வகுப்பென்பது சமூக வகுப்பே. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை', 1876இல் தொடங்கிய 'சத்தியவேத பாதுகாவலன்', 1889இல் தொடங்கிய 'இந்துசாதனம்' ஆகியவற்றில் கூத்தைக் கண்டித்து எழுதப்பட்டவற்றையும் விட்டுவிடலாகாது. ஒன்றை ஒழிக்க வேண்டும் என்று பத்திரிகை மீண்டும் மீண்டும் எழுதுமாயின், அது மக்களிடையே உயிரோடிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1930இல் கொழும்பிற் பிறந்த 'வீரகேசரி'யும் 1932இல் பிறந்த 'தினகரன்'உம் பிற்காலத்துக்கு இன்றியமையாதவை. 1960கள், 70களின் எதிர்ப்பு அரங்கை ஆராய்வோர் 'தேசாபிமானி', 'தொழிலாளி' போன்ற இடதுசாரி ஏடுகளையும் பார்க்க வேண்டும். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை ஒட்டி எழுந்த 'கந்தன் கருணை' போன்ற ஆக்கங்களை அரசியல் இயக்கத்திலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது.

நினைவுநூல்கள் வேறு வகையின. 1891இல் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் 'நாடக மேடை நினைவுகள்' எழுதினார். 1911இல் அச்சபை கொழும்புக்கு வந்து நாடகமாடியமை இங்குள்ள கற்றோரிடையே புதிய வேகத்தைத் தந்தது. அவ்வழியில் வந்த கலையரசு க. சொர்ணலிங்கம் 1968இல் 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூலைத் தந்தார். அரிய தகவல்கள் நிறைந்த இந்நூல்களை நாம் நன்றியோடு வாசிக்க வேண்டும். அதே வேளை அவை யாருடைய நினைவுகள் என்றும் கேட்க வேண்டும். ஆங்கிலக் கல்வி பெற்ற உத்தியோகத்தரும் வழக்கறிஞரும் அமைத்த சபாக்கள், பிழைப்புக்காக ஆடிய 'கூத்தாடி'யிலிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட முயன்றன. சபா நினைவுநூல் எழுதிற்று, கூத்தாடி எழுதவில்லை. இதனால் முன்னது வரலாறாகவும் பின்னது வரலாற்றுக்கு முந்திய பின்னணியாகவும் எமக்குத் தோன்றுகிறது. அத்தோற்றத்தைக் கலைப்பதற்கு, நினைவுநூலில் போகிறபோக்கில் வரும் பெயர்களை, ஒப்பனைக்காரர், மத்தளக்காரர், திரை வரைந்தவர், கொட்டகை கட்டியவர் என்போரைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நாம் கையாண்டு பயன் கண்ட முறை எளியது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் இடம், உழைத்தோர், பணம், பார்வையாளர் என நான்கு தலைப்புகள். நிரம்பாத தலைப்பை வெறுமையாகவே விட வேண்டும். நூறு அட்டைகள் சேர்ந்தபின், எந்தத் தலைப்பு எப்போதும் வெறுமையாக உள்ளதோ அதுவே ஆய்வின் அடுத்த வினா.

5. எரிந்தவையும் எஞ்சியவையும்

எமது நூலகங்களைப் பற்றிப் பேசும்போது நெருப்பைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. 1981ஆம் ஆண்டு மே முடிந்து யூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. நூலகம் எரிந்ததை உலகம் கணக்கிட்டது. பெட்டியிலிருந்த அண்ணாவியாரின் கொப்பிக்கும், சுவரில் மாட்டியிருந்த வேடப் படத்துக்கும், மடித்துவைத்த நாடகத் துண்டுப்பிரசுரத்துக்கும் கணக்கேதும் இல்லை. அரங்க வரலாற்றின் மிகப் பெரிய நூலகம் வீடுகளிலேயே இருந்தது என்பதை நாம் அது எரிந்தபின்பே உணர்ந்தோம்.

எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சிகளும் உள. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் எவரும் அணுகத் தருகிறது. சென்னையில் 1994இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், அறிஞர் புறக்கணித்த மலிவுப் பதிப்புகளும் நாடகப் பாட்டுப் புத்தகங்களும் பேணப்படுகின்றன. கப்பலேறிய நாடகக் குழுக்களின் தடத்தைக் கொழும்பில் மட்டும் தேடினால் பாதியே கிட்டும். ஆயினும் மின்வடிவிற் கிடைப்பதே உள்ளதெல்லாம் என்று இளையோர் எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. பழைய பட்டியலின் பக்கச்சார்பு திரையிலும் தொடரும்.

6. முடிவுரை

நூலகத்தில் தொடங்கும் அரங்க ஆய்வு நூலகத்தில் முடியலாகாது. வித்தியானந்தன் 1960களில் மன்னார்க் கூத்துகளைப் பதிப்பித்தபோது அச்சுக்குரிய பிரதிகள் மக்களிடமிருந்தே வந்தன. மௌனகுருவின் மட்டக்களப்பு ஆய்வும் களரியையும் அண்ணாவிமாரையும் ஆதாரமாகக் கொண்டது. ஆனால் ஆயத்தமின்றிக் களத்துக்குச் செல்பவர் முதியவர் ஒருவரின் பொழுதை வீணாக்குவார். விளம்பரத்திற் கண்ட கொட்டகையின் பெயரையும், வர்த்தமானியிற் கண்ட பனுவலின் பெயரையும், நினைவுநூலிற் கண்ட மத்தளக்காரரின் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு சென்றாற்றான் அம்முதியவரின் நினைவு திறக்கும்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் செல்லும் அப்பயணத்தையே நாம் ஆய்வு என்கிறோம். அங்கு கேட்டதை எழுதி, அதனை மீண்டும் வெள்ளவத்தை நூலகத்தின் அலுமாரியிற் சேர்க்கும்போதுதான் அது நிறைவுறும். அடுத்து வரும் மாணவர் பட்டியலைத் திறக்கையில், அக்கொல்லரின் தெரு அதில் இடம்பெற்றிருக்க வேண்டும்.