கட்-ஆஃப் என்னும் எண்ணின் வரலாறு

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "கட்-ஆஃப் எவ்வளவு வருகிறது?" என்பதே. அந்த எண்ணைப் பிள்ளையின் அறிவுக்கு இடப்பட்ட அளவென்று கருதும் வழக்கம் பெற்றோரிடம் வேரூன்றிவிட்டது. ஆனால் பள்ளி மதிப்பெண்ணுக்குக் கல்லூரி வாயிலில் எவ்வளவு எடை என்பதை விடைத்தாள் தீர்மானித்ததில்லை. அவ்வப்போது பிறந்த அரசாணைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளுமே தீர்மானித்து வந்துள்ளன.

நாடு விடுதலை பெற்ற காலத்தில், சென்னை மாகாணத்தின் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களும் வகுப்புவாரி ஆணைப்படி பங்கிடப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்கள், பிராமணர், அரிசனர் ஆகியோருக்குத் தலா 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. முஸ்லிம் மாணவரின் மதிப்பெண் இன்னொரு முஸ்லிம் மாணவரின் மதிப்பெண்ணோடு மட்டுமே ஒப்பிடப்பட்டது. 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதென அறிவித்தது. அவ்வாண்டே வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிற்படுத்தப்பட்டோருக்கு வழி திறந்தது. எனினும், முஸ்லிம்களுக்கெனத் தனி ஒதுக்கீடு திரும்ப 56 ஆண்டுகள் ஆயின. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் தொடங்கப்பட்டது அதே 1951-இல்தான். தற்செயலே ஆயினும், நம் முன்னோர் அரசுக் கல்லூரி வாயிலை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

அறுபதுகளில் மருத்துவ இடங்கள் மாவட்டவாரியாகப் பிரிக்கப்பட்டன. மதிப்பெண் குறைந்தவர் ஒரு மாவட்டத்தில் இடம் பெற, மிகுந்தவர் இன்னொரு மாவட்டத்தில் வெளியே நின்றார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. அடுத்து நேர்முகத்தேர்வு சிக்கலாயிற்று. பாட மதிப்பெண்ணுக்கு 200, நேர்முகத்துக்கு 75 என மொத்தம் 275. சில நிமிடப் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பெண் மிகையென 1970-இல் பெரியகருப்பன் வழக்கில் நீதிமன்றம் கருத்துரைத்தது. சிபாரிசுக்கு ஆளில்லாத குடும்பங்களுக்கு அந்த 75 என்னவாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு புகுந்தது. பள்ளிப் பாட மதிப்பெண் 200-க்கும் நுழைவுத்தேர்வு 100-க்குமாக, 300-க்குத் தரவரிசை அமைந்தது. பள்ளியின் எடை மூன்றில் இரண்டு பங்காயிற்று. எஞ்சிய ஒரு பங்கிற்காகப் பயிற்சி மையங்கள் பெருகின. அவை நகரங்களில் இருந்தன, கட்டணமும் கேட்டன. இளையான்குடியிலோ அதிராம்பட்டினத்திலோ படித்த பெண்பிள்ளையைச் சென்னையில் தங்கவைத்துப் பயிற்றுவிக்க எத்தனை பெற்றோர் துணிந்திருப்பர்?

நுழைவுத்தேர்வை நீக்க 2005-இல் எடுத்த முயற்சி நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 2006-இல் இயற்றிய சட்டம் நிலைத்தது. 2007-இல் பள்ளி மதிப்பெண் முழு எடையையும் பெற்றது. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மருத்துவத்துக்குக் கணிதத்தின் இடத்தில் உயிரியல். அன்று ஒவ்வொரு பாடமும் 200-க்கு நடந்தமையால், கணிதத்தில் ஒரு மதிப்பெண் தவறினால் கட்-ஆஃபில் அரையும், இயற்பியலில் தவறினால் காலும் குறைந்தன. பிற பாடத்திட்டத்தில் படித்தோரின் மதிப்பெண், அவ்வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உச்சத்தோடு சமன்செய்து மாற்றப்பட்டது. அங்கே உச்சம் 90 எனில், 60 பெற்றவருக்கு 66.66 கிடைத்தது.

அதே 2007-இல்தான் பிற்படுத்தப்பட்டோரின் 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 பிரித்தளிக்கப்பட்டது. இதை 3.5 என்னும் எல்லையாகப் பலர் இன்றும் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். பொதுப்போட்டிக்குரிய 31 விழுக்காடு எல்லார்க்கும் உரியது. அதில் இடம்பெறும் முஸ்லிம் மாணவர் ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்வதில்லை.

2017-இல் நீட் தேர்வு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தபோது, மருத்துவத்துக்குப் பள்ளி மதிப்பெண்ணின் எடை ஒரேயடியாக வீழ்ந்தது. பொதுப்பிரிவினருக்கு 50 விழுக்காடு, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 என்ற தகுதி வரம்பாக மட்டும் அது எஞ்சியது. அரியலூர் மாவட்டத்து அனிதா 1200-க்கு 1176 பெற்றிருந்தார். அவரது கட்-ஆஃப் 196.75. அந்த எண்ணை எடைபோடத் தராசே இல்லாமற்போன ஆண்டு அது. 2020-இல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் அடங்கா. நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளில் அவ்வகையினவும் உள ஆதலால், ஆறாம் வகுப்பில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதனை அறிந்திருத்தல் நலம்.

பொறியியலில் அந்த 200 இன்றும் நிற்கிறது. ஆனால் 2021-இல் பெருந்தொற்றால் பொதுத்தேர்வு கைவிடப்பட்டபோது, அதனை நிரப்பும் மதிப்பெண்ணே தேர்வின்றிக் கணக்கிடப்பட்டது. பத்தாம் வகுப்பில் மிகுதியாகப் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. ஈராண்டுக்கு முன், கல்லூரியை எண்ணாமல் எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வு, கல்லூரி மதிப்பெண்ணில் பாதியாக வந்து நின்றது. அடுத்த ஆண்டே பொதுத்தேர்வு திரும்பியது. அந்தக் கணக்கும் ஓர் ஆண்டோடு முடிந்தது.