துருவுக்கு ஒரு நாள், தீக்கு மூன்று நாள்

கத்தோலிக்கரின் பழைய நாட்காட்டியில் விளைச்சலுக்காக மன்றாடிப் பவனி போவதற்கென்றே நான்கு நாட்கள் இருந்தன. ஏப்ரல் 25 ஒன்று. ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா வரும் வியாழனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய், புதன் மற்ற மூன்று. நான்கிலும் குருவுக்கு ஊதா உடை, வழிநெடுகப் புனிதர்களின் மன்றாட்டுமாலை. கிராமங்களில் வயல்வெளி வழியே நடை. ‘ரோமானியரின் பழைய பண்டிகைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள்’ என்று நான்கையும் ஒரே முடிச்சில் போடுவோர் உண்டு. அது ஏப்ரல் 25-க்குப் பொருந்தும். மற்ற மூன்றும் வேறு ஊரில், வேறு அச்சத்தில் பிறந்தவை.

முதலில் ரோம். கோதுமைத் தாளில் செம்பழுப்புப் பொடியாகப் படியும் துரு நோய், கதிர் முற்றும் முன்பே பயிரை வீழ்த்திவிடும். அந்தத் துருவையே ரொபீகஸ் என்ற தெய்வமாக்கி, ஏப்ரல் 25 அன்று ரோமானியர் சாந்தப்படுத்தினார்கள். நகரிலிருந்து ஊர்வலமாகப் போய், கிளாடியா சாலையின் ஐந்தாவது மைல்கல் அருகே இருந்த அத்தெய்வத்தின் தோப்பில் பலியிட்டார்கள். ஒரு நாயின் குடலையும் ஓர் ஆட்டின் குடலையும் தீயில் இட்டதாகக் கவிஞர் ஓவிட் எழுதுகிறார். நாய் எதற்கு என்று பூசாரியிடம் அவர் கேட்க, வானத்து நாய் நட்சத்திரத்துக்கு ஈடாக என்று பதில் வருகிறது. அந்த நட்சத்திரம் உதிக்கும் காலம் இது என்கிறார் ஓவிட். ஏப்ரல் கடைசியில் அது மறையத் தொடங்கும். கவிஞர் இங்கே சறுக்கிவிட்டார்.

அதே ஏப்ரல் 25-இல்தான் பின்னாளில் கிறிஸ்தவப் பவனியும் வந்தது. 598-இல் திருத்தந்தை பெரிய கிரகோரி ரோம் மக்களை அழைத்த பெரிய மன்றாட்டுப் பவனி, லுசினா புனித லாரன்ஸ் ஆலயத்தில் கிளம்பிப் புனித பேதுரு பேராலயத்தில் முடிந்தது. பிற்காலக் குறிப்புகளில் வழி தெளிவாகவே இருக்கிறது: ஃபிளமீனியா சாலை, பிறகு மில்வியப் பாலம். ரொபீகஸின் பழைய ஊர்வலம் பாலத்தைத் தாண்டி நேரே தோப்புக்குப் போனது. புதியது திரும்பி பேதுருவின் கல்லறைக்கு வந்தது. புனித மாற்குவின் திருநாளும் ஏப்ரல் 25 என்பதால் இரண்டையும் இணைத்துப் பேசுவார்கள். பவனிக்கும் மாற்குவுக்கும் உறவு எதுவும் இல்லை.

இனி வியென். இன்றைய பிரான்சின் தென்கிழக்கில், ரோன் நதிக்கரை நகரம். 470-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே அடுத்தடுத்து நிலநடுக்கங்கள், தீவிபத்துகள். காட்டு மான்கள் நகரச் சதுக்கத்துக்குள்ளேயே வந்தன. ஒரு பாஸ்கா திருவிழிப்பு இரவில் மேட்டிலிருந்த பொதுக் கட்டடம் தீப்பற்ற, மக்கள் ஆலயத்தை விட்டு ஓடினார்கள். ஆயர் மாமெர்ட்டுஸ் மட்டும் பீடத்தருகே நின்றார். விண்ணேற்றத்துக்கு முன் மூன்று நாள் நோன்பும் பவனியும் என்ற முடிவு அந்த இரவில் பிறந்தது. ஆள் வருமோ வராதோ என்ற ஐயத்தில் முதல் பவனிக்கு மதிலை ஒட்டிய ஆலயத்தையே அவர் தேர்ந்ததாக, பின்னாளில் அதே ஊர் ஆயரான அவிட்டுஸ் சொல்கிறார். கூட்டம் திரண்டது.

இதில் பயிர் எங்கே? சிதோனியுஸ் அப்போலினாரிஸின் கடிதம் ஒன்று பதில் தருகிறது. கிளெர்மோன் ஆயரான அவர், கோத்தியர் படை நெருக்கிய வேளையில் மாமெர்ட்டுஸின் முறையைத் தம் ஊருக்கும் கொண்டுவந்தவர். அதற்கு முன்பும் பவனிகள் இருந்தனவாம்: மழை வேண்டும், வெயில் வேண்டும் என்று. கொட்டாவி, நடுவில் சாப்பாடு, ஏனோதானோ என்று நடந்தவை. தோட்டக்காரனுக்கு மழை வேண்டும், குயவனுக்கு வேண்டாம். இருவரும் எப்படிச் சேர்ந்து மன்றாடுவது என்று கேலியும் செய்கிறார். ஆக, மாமெர்ட்டுஸ் சாய்த்தது வெறும் வானிலைப் பிரார்த்தனையைத் தவ முயற்சியின் பக்கம். ஆனால் அவர் தேர்ந்த நாட்கள் வந்து விழும் பருவத்தில் வயலில் பயிர் நிற்கிறது. உழவர் கூட்டம் நடக்கும் இடத்தில் பயிர்க்கவலை ஒதுங்கி நிற்குமா?

511-இல் ஓர்லியான்ஸ் சங்கம் இம்மூன்று நாளை காலியா நாட்டுத் திருச்சபைகளுக்கெல்லாம் விதித்தது. அடிமைகளுக்கும் வேலையிலிருந்து விடுப்பு என்றது. திருத்தந்தை மூன்றாம் லியோ காலத்தில், 800-ஐ ஒட்டி, ரோமும் ஏற்றது. இங்கிலாந்தில் 747-ஆம் ஆண்டு குளோவ்ஷோ சங்கம், இந்நாட்களில் சூதாட்டம், குதிரைப் பந்தயம், பெருவிருந்து கூடாதென்று தடைபோட வேண்டியிருந்தது. அங்கே பவனி பங்கின் எல்லையைச் சுற்றி வந்தது. வரைபடம் இல்லாத காலம். சிறுவர்களை எல்லைக்கல்லில் முட்டவைத்து நினைவில் பதித்தார்கள். சீர்திருத்தத்துக்குப் பின்னும் 1559-இல் முதலாம் எலிசபெத் ராணி இந்த நடையை மட்டும் விட்டுவைத்ததற்கு நில எல்லைப் பயன் முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

1969-இன் நாட்காட்டித் திருத்தத்தில் நான்கு நாட்களும் நிலையான இடத்தை இழந்தன. எப்போது, எப்படி மன்றாடுவது என்பது அந்தந்த நாட்டு ஆயர் பேரவையின் பொறுப்பானது. பழமையை விரும்புவோர் இன்னும் வருந்துகிறார்கள். எனக்கு அது நியாயமான திருத்தமாகவே படுகிறது. இத்தாலியக் கோதுமையின் பருவத்தை உலகத்து உழவர் எல்லோருக்கும் விதித்திருந்ததுதான் விசித்திரம்.