ஓவர்கிளாக்கிங்: மலிவு பிராசஸரை முடுக்குவதா, நல்லதாக ஒன்று வாங்குவதா?

பள்ளத்தூர், கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் மார்க்கச் சந்தேகங்களை மட்டும் கேட்பதில்லை. "ஹஜ்ரத், அத்தா வெளிநாட்டுலேருந்து அனுப்பின காசு இவ்வளவுதான் இருக்கு. சின்ன பிராசஸரா வாங்கி ஓவர்கிளாக் பண்ணிக்கவா, இல்ல நாலு மாசம் பொறுத்து நல்லதாவே வாங்கவா?" என்றும் கேட்கிறார்கள். கேட்பவருக்கு அது வீட்டுக்காசு. ஆகவே விளையாட்டாகப் பதில் சொல்லிவிட முடியாது.

பிராசஸருக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. 3.2 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 320 கோடி துடிப்பு. அடிப்படை வேகமான 100 மெகாஹெர்ட்ஸை 32 என்ற பெருக்கி எண்ணால் பெருக்கினால் வருவது அது. இவ்விரண்டில் ஒன்றைப் பயாஸில் ஏற்றி, கம்பெனி குறித்ததைவிட அதிக வேகத்தில் ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங். இது எப்படிச் சாத்தியமாகிறது? ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டப்படும் சில்லுகள் எல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லை. சோதித்துத் தரம் பிரித்து, வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் விற்கிறார்கள். மலிவுச் சரக்குக்குக் கிராக்கி அதிகமானால் நல்ல சில்லையும் குறைந்த வேகம் குறித்து விற்றுவிடுவார்கள்.

இதற்குப் பேர்போன உதாரணம் 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், அதாவது 66ஐ நாலரையால் பெருக்கியது. பெருக்கியைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் மதர்போர்டின் 66ஐ 100 ஆக மாற்றத் தடையில்லை. அப்படி மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸ்! அதே நாளில் வெளியான பென்டியம் 2இன் உயர்ந்த மாடலுக்கும் அதுதான் வேகம். செலரானின் விலை 149 டாலர், பென்டியம் 669 டாலர். செலரானில் கேஷ் நினைவகம் 128 கிலோபைட்தான், பென்டியத்தில் 512. ஆனால் செலரானின் கேஷ் சில்லுக்குள்ளேயே இருந்து முழு வேகத்தில் ஓடியது. பென்டியத்தின் கேஷ் பாதி வேகத்தில்தான் ஓடியது. அதனால் பல வேலைகளில் இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றன. அப்போதைய 440பிஎக்ஸ் மதர்போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டவை என்பதால் மற்ற பாகங்களும் தம் எல்லையைத் தாண்டவில்லை. பி21 என்ற ஒரு முனையை டேப்போ நகப்பூச்சோ கொண்டு மறைத்தால் போர்டு தானாகவே 100க்குப் போய்விடும் என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு.

இந்தக் கதையைத்தான் இன்றும் பலர் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் காலம் போய்விட்டது.

2014இல் பென்டியம் பெயரின் இருபதாம் ஆண்டுக்காக இன்டெல் ஜி3258 என்ற மலிவு பிராசஸரைப் பூட்டில்லாமல் விட்டது. 3.2 கிகாஹெர்ட்ஸை 4.2க்கு மேலும் கொண்டுபோனவர்கள் நிறைய. ஆனால் அதில் இருந்தவை இரண்டே கோர்கள். அந்த ஆண்டின் கடைசியில் வந்த ஃபார் கிரை 4 என்ற விளையாட்டு, இரண்டு கோர் பிராசஸரில் திறக்கவே மறுத்தது. வேகத்தைக் கூட்டலாம், கோரைக் கூட்ட முடியாது. வீடியோ எடிட்டிங்குக்கும் பெரிய புரோகிராம்களுக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது சூடு. பிராசஸர் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருபடியாகவும் ஏறும். வேகத்தை 30 சதவீதமும் அதற்காக வோல்டேஜை 10 சதவீதமும் ஏற்றினால் மின்செலவு சுமார் 57 சதவீதம் கூடும். அது முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். காற்றால் குளிர்விக்கும் எந்த ஹீட் சிங்க்கும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. ஏசி அறையில் 25 டிகிரியில் சோதித்துக் காட்டுபவரின் கணக்கு, சித்திரை வெயிலில் 38 டிகிரி இருக்கும் நம் அறைக்குப் பொருந்தாது. அந்த 13 டிகிரியும் அப்படியே சில்லின் மேல் ஏறும். ஆத்தங்குடித் தளம் போட்ட பெரிய வீடுகள் குளிர்ச்சிதான். ஆனால் பையன்களின் கம்ப்யூட்டர் பெரும்பாலும் மாடியில் ஓட்டுக் கொட்டகையில்தானே இருக்கிறது!

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இன்டெலில் இதற்கு 'கே' என்று முடியும் பிராசஸரும் இசட் வகை மதர்போர்டும் வேண்டும், இரண்டுமே விலை கூடியவை. ஏஎம்டியில் ரைசன் பிராசஸர்கள் பொதுவாகப் பூட்டில்லாதவை, ஆனால் மலிவான ஏ320 போர்டு அனுமதிக்காது. பி450 போன்றது வேண்டும். அதோடு நல்ல கூலர், தரமான எஸ்.எம்.பி.எஸ். இந்தக் கூடுதல் செலவைக் கூட்டினால் அடுத்த படி பிராசஸரின் விலையை நெருங்கிவிடும். ஓவர்கிளாக்கால் கெட்டுப்போனால் வாரண்டியும் கிடைக்காது. இன்டெல் இதற்கென்றே தனியாகக் காசு வாங்கிக்கொண்டு தந்த பாதுகாப்புத் திட்டத்தையும் 2021இல் நிறுத்திவிட்டது.

இன்னொன்று: இப்போது கம்பெனியே டர்போ என்ற பெயரில் சில்லை அதன் எல்லைவரை ஓட்டித்தான் விற்கிறது. நாம் எடுப்பதற்கு மிச்சம் வைப்பதில்லை. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் அதிக வோல்டேஜால் நிலைகுலைந்து, 2024இல் அந்நிறுவனம் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்ததை நினைவில் வைக்கலாம்.

பழைய பிராசஸர் வாங்குவோர் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: "ஓவர்கிளாக் பண்ணி ஓட்டினீங்களா?" அதிக வோல்டேஜில் பல மாதம் ஓடிய சில்லின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் வேகம் குறைந்த பென்டியங்களின் மேல் எழுத்தை அழித்து, கூடிய வேகம் அச்சிட்டு விற்ற மோசடியே நடந்தது. விற்பவர் இதை மறைத்தால், ஃபிக்ஹில் 'கியாருல் அய்ப்' என்று சொல்லப்படும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அதாவது, விற்கும் முன்பே இருந்த குறை பின்னால் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். எனவே நம் பிள்ளைகள் விற்கும்போதும் சொல்லிவிட்டே விற்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு நாம் சொன்னது இதுதான். முதலில், இருக்கிற கம்ப்யூட்டர் எதனால் மெதுவாக ஓடுகிறது என்று பார். 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்கும் இருந்தால் குற்றம் பிராசஸருடையது அல்ல; எஸ்.எஸ்.டி. போட்டாலே வித்தியாசம் தெரியும். அரசு கொடுத்த மடிக்கணினி வைத்திருப்போருக்கும் இதுவே வழி, அவற்றில் பொதுவாக ஓவர்கிளாக் செய்ய பயாஸில் இடமே இராது. புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால், ஏஎம்4 போர்டில் அத்லான் 3000ஜி போட்டுத் தொடங்கலாம். அதை 3.5இலிருந்து 3.9க்கு முடுக்கினால் கிடைப்பது 11 சதவீதம். அதே போர்டில் பின்னர் ரைசன் 5 5600ஜி போட்டால் கோர்கள் இரண்டிலிருந்து ஆறாகும். போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த பிராசஸர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, பழையது போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துகொள்ள வேண்டும். மாற்றிய பிறகு திரை வராமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள்தான். 'ஜி' இல்லாத 5600 விலை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, தனியாக கார்டு வாங்க வேண்டிவரும்.

பையன் நாலு மாதம் பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குள் ஒரு யு.பி.எஸ். மட்டும் வாங்கிவிடு என்று சொல்லி அனுப்பினோம்.