அண்ணாமலையும் அன்பர் செல்நெறியும்

நடுநாட்டுத் திருப்பதிகள் இருபத்திரண்டனுள் திருவண்ணாமலை தனிச்சிறப்பு வாய்ந்தது. பிற தலங்கள் பலவற்றில் மலைமேல் இறைவன் எழுந்தருளியிருப்பன். ஈண்டு மலையே இறைவன் திருமேனி. இவ்வேறுபாட்டை உளங்கொள்ளாதார் மலையின் உயரம் எவ்வளவு, ஏறும் வழி யாது, ஏற இசைவு உண்டோ என்றே முதற்கண் வினவுவர். வினாக்கள் தவறுடையன அல்ல. ஆயினும் அவற்றின் முன் வைக்கத்தக்க வினா ஒன்றுண்டு. திருமேனியின்மேல் அடி வைத்தல் தகுமோ என்பதே அது.

புதுச்சேரியின் வடபால் கடற்கரையை அடுத்த முத்தியால்பேட்டையினின்று அண்ணாமலை மேற்றிசையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. திண்டிவனம், செஞ்சி வழியாகச் செல்வார்க்குச் செஞ்சிக் கோட்டைக் குன்றுகள் பின்னிட்ட பின்னர் அஃது ஒற்றை மலையாய்த் தோன்றும். கிழக்குத் தொடர்ச்சி மலையினத்தைச் சேர்ந்ததேனும், சவ்வாது மலைத்திரளினின்று விலகிச் சமநிலத்திலே தனித்து நிற்றலின் நெடுந்தொலைவினின்றும் காணப்படும். உயரம் 814 மீட்டர். அஃதாவது ஏறத்தாழ 2,670 அடி. மலையைச் சூழ்ந்த வலப்பாதை 14 கிலோமீட்டர். பாறை மிகத் தொன்மையான இனத்தது. சரிவுகளிலே மண்ணின் மேலும் மண்ணிற் பாதி புதைந்தும் பெரும் பாறைகள் கிடக்கின்றன. பின்னர் வரும் செய்திக்கு இது வேண்டப்படும்.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் இம்மலையை முதற்கண் கண்டது அறையணிநல்லூரினின்று என்பது சேக்கிழார் திருவாக்காற் பெறப்படும். இந்நாளில் அரகண்டநல்லூர் எனப்படும் அவ்வூர் பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூருக்கு எதிரே உள்ளது. அங்குள்ள குன்றினை வலங்கொண்டு நின்ற பிள்ளையார்க்கு, உடன்வந்த அன்பர்கள் அண்ணாமலை இஃதெனக் காட்டினர். காணப்பெற்ற அளவிலேயே திருப்பதிகம் பிறந்தது. காண்டல் முன்னும் சேறல் பின்னுமாக அமைந்த இம்முறை கருதத்தக்கது. 1896ஆம் ஆண்டில் வேங்கடராமன் என்னும் இளைஞர், பின்னாளில் இரமண மகரிஷி எனப் போற்றப்பட்டவர், மதுரையினின்று புறப்பட்டு, மாம்பழப்பட்டு வரை இரயிலிலும் அதன்மேல் நடந்தும் வந்து தங்கிய திருக்கோயிலும் இவ்வறையணிநல்லூரே. செப்டம்பர் 1ஆம் நாள் அவர் அண்ணாமலையை அடைந்தார்.

பிள்ளையார் பதிகங்களில் அருவி முழங்குகின்றது. மயில் பெடையொடு பொழிலிலே தங்குகின்றது. ஆமா வந்து அணைகின்றது. மலையின் அந்நாளைய வளம் இவ்வாறு புலனாகும். ஆமா இன்று அங்கில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விருபாட்சி குகையைச் சூழ்ந்து சிறுத்தை இயங்கியதை இரமணர் வரலாறு கூறும். அதன்பின் விறகுக்கு வெட்டியும் மேய்ச்சலுக்கு விட்டும் தீக்கிரையாக்கியும் மலை மொட்டையாயிற்று. கோடையில் காய்ந்த எலுமிச்சம்புல் எளிதில் தீப்பற்றும். நட்ட கன்றும் முளைத்த கன்றும் ஒருங்கே கருகும். 1980களின் இறுதி தொட்டு அன்பர் பலர் கன்று நட்டும் தீத்தடுப்புக்கோடு வகுத்தும் உழைத்ததனால் சாரல் மீண்டும் பசுமை பெற்றது. புள்ளிமான், முள்ளம்பன்றி, கீரி, குரங்கு ஆகியன அங்கே வாழ்கின்றன. திருமேனிக்குச் சாத்தும் பச்சிலையினும், அதன்கண் வேரூன்ற வைத்த மரம் சிறிதும் தாழ்ந்த தொண்டன்று.

மலையை அணுகுதல் புதுச்சேரியார்க்கு எக்காலத்தும் எளிதாயிருந்ததில்லை. கருநாடகப் போர்க்காலத்தில் திருவண்ணாமலைக் கோயிலே கோட்டையாகப் பயன்பட்டது. 1757இல் பிரெஞ்சுப் படை அதனைக் கைக்கொண்டது. 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். வழிபடச் செல்வாரினும் முற்றுகையிடச் செல்வார் மிக்கிருந்த காலம் அது. 1879இல் புதுச்சேரி விழுப்புரம் இருப்புப்பாதை அமைந்து பயணம் எளிதாயிற்று. எனினும், 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்திய ஆட்சியிற் சேரும் வரை அன்பர் கூட்டம் ஓர் ஆட்சியெல்லையைக் கடந்தே கார்த்திகைத் தீபம் காணச் சென்றது.

மலைமேல் ஏறுதல் யார்க்கு உரியது? மகாதீபம் ஏற்றும் உரிமை வழிவழியாகப் பர்வதராஜ குலத்தார்க்கு உண்டு. கொப்பரையும் நெய்யும் திரியும் உச்சிக்குச் செல்லுதல் பணியின் பொருட்டே. குகைநமசிவாயர் முதலிய தவத்தோர்க்கு மலை உறைவிடம். அவர்தம் நெறி வேறு. ஏனையோர்க்கு உரியது வலம் வருதலே. அண்ணாமலையாரே ஆண்டில் இருமுறை, திருவூடலை ஒட்டியும் கார்த்திகைத் தீபத்தை ஒட்டியும், தம் மலையைத் தாமே வலம் வருகின்றார். இதனினும் தெளிந்த சான்று ஒன்றுண்டு. தீபவிழாவின்பின் திருமலைமேல் மக்கள் அடிபட்டமையின் பொருட்டுக் கோயிலார் பிராயச்சித்த பூசை செய்கின்றனர். குற்றமில்லதற்குக் கழுவாய் எதற்கு? காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்த வரலாறும் ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. அவர் தோன்றிய காரைக்கால் இன்று புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் உள்ளது.

அன்றியும், அயன் அன்னமாய்ப் பறந்து தேடிக் காணாத முடியையே இம்மலை உணர்த்துகின்றது. பாறையின் உச்சியை மிதித்து மீண்டவன் முடியைக் கண்டானாகான்.

இந்நெறியைக் கொடிய முறையில் நினைவூட்டிய நிகழ்ச்சி அண்மையில் நேர்ந்தது. 2024 நவம்பர் 30 இரவு ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகிற் கரை கடந்தது. முத்தியால்பேட்டை உள்ளிட்ட நகரம் ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழையில் மூழ்கியது. புயல் வலியிழந்து மேற்கே நகர்ந்து, அன்பர் செல்லும் அத்திசையிலேயே திருவண்ணாமலையை அடைந்தது. டிசம்பர் 1ஆம் நாள் மாலை, நீரூறித் தளர்ந்த மண் பெயர, அதன்மேற் கிடந்த பாறை உருண்டு, அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீடுகளின்மேல் வீழ்ந்தது. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் சிறுவர். மலையைக் குறைகூறுவார் குறைகூறுக. சரிவின்மேல் மனை வகுத்தோரையும், அதனைக் காணாதார் போலிருந்தோரையும் வினவாது விடுதல் முறையன்று.

தீபநாள் டிசம்பர் 13. முந்திய 2023ஆம் ஆண்டில் 2,500 பேர்க்கு மலையேற இசைவு தரப்பட்டிருந்தது. இம்முறை நிலநூல் வல்லுநர் மலையை ஆராய்ந்து நிலம் உறுதியில்லாமை கூறவே, பணிக்குரியார் நீங்கலாக எவர்க்கும் இசைவில்லை என அரசு அறிவித்தது. அன்பர் சிலர் வருந்தினர். வழக்கம் கெட்டது என்றும் உரைத்தனர். கெட்டது எவ்வழக்கம்? பர்வதராஜ குலத்தார் கொப்பரை சுமந்து ஏறினர். மாலையில் தீபம் எரிந்தது. ஏனையோர் அடிவாரத்தே வலம் வந்தனர். விழா முடிந்தபின் கொப்பரை கீழிறக்கப்பட்டு, அதிற் படிந்த மை ஆருத்திரா தரிசனத்தன்று நடராசப் பெருமானுக்குச் சாத்தி அன்பர்க்கு வழங்கப்படுவது மரபு.