விண்மீன்களின் பருமன் ஏன் வேறுபடுகின்றது?

மார்கழி, தை மாதங்களின் முன்னிரவில் கிழக்கு வானில் செந்நிறமாக ஒளிரும் விண்மீன் ஒன்றை நாம் காணலாம். தமிழர் அதனைத் திருவாதிரை என்பர். மேல்நாட்டார் வழங்கும் பீற்றல்ஜூஸ் என்னும் பெயரோ அரபு மொழியிலிருந்து சென்றதாகும். வெறுங்கண்ணுக்கு அது ஒரு புள்ளியே. ஆயினும், சூரியன் இருக்கும் இடத்தில் அதனை வைத்தால் பூமியின் பாதையும் செவ்வாயின் பாதையும் அதனுள் அடங்கிவிடும். இதற்கு மாறாக, இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனாகிய சிரியசின் துணை விண்மீன், சூரியனளவு திணிவு கொண்டிருந்தும் பருமனில் பூமியையே ஒத்துள்ளது. இவ்வேறுபாடு எவ்வாறு ஏற்படுகின்றது?

விண்மீன் என்பது வாயுக் கோளமாகும். அதன் ஈர்ப்பு விசை வாயுவை உள்நோக்கி இழுக்கின்றது. மையத்து வெப்பத்தால் எழும் அமுக்கம் வெளிநோக்கித் தள்ளுகின்றது. இவ்விரண்டும் சமநிலை அடையுமிடத்திலேயே பருமன் தீர்மானிக்கப்படுகின்றது. அச்சமநிலையை நிர்ணயிப்பவை பிறப்பின்போது பெற்ற திணிவும், அடைந்துள்ள பருவமுமேயாகும்.

வாயுவும் தூசும் கொண்ட முகில்கள் சிறிதும் பெரிதுமான துண்டுகளாகச் சுருங்குவதால் விண்மீன்கள் வெவ்வேறு திணிவுடன் பிறக்கின்றன. திணிவு கூடியவற்றின் மையம் அதிக வெப்பமடைவதால் ஐதரசன் விரைவாக ஈலியமாக மாறுகின்றது. அவை பருத்தும் பிரகாசமாகவும் இருப்பினும் அவற்றின் ஆயுள் குறுகியது. சூரியனின் வயது ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். திருவாதிரையோ ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளிலேயே முதுமை எய்திவிட்டது.

மையத்து ஐதரசன் தீர்ந்ததும் மையம் சுருங்கி மேலும் சூடேற, வெளிப்படைகள் விரிந்து குளிர்ந்து செந்நிறம் பெறுகின்றன. இன்னும் 500 கோடி ஆண்டளவில் சூரியனும் இவ்வாறே பருக்கும். பின்னர் வெளிப்படைகளை இழந்து, வெண்குள்ளன் எனப்படும் சிறு கோளமாக எஞ்சும். சிரியசின் துணை விண்மீன் அந்நிலையை ஏற்கெனவே எய்தியதாகும். வெண்குள்ளன் சூரியனின் திணிவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேல் தாங்காது என்பதைக் கணித்தவர் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். 1983இல் அவருக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரையின் ஒளி மங்கியபோது, அது வெடிக்கப் போகின்றதென்ற செய்தி உலகெங்கும் பரவியது. அவ்விண்மீன் உமிழ்ந்த பொருள் தூசாகி அதன் ஒளியை மறைத்ததே முக்கிய காரணமெனப் பின்னர் ஆய்வாளர் விளக்கினர். என்றோ ஒருநாள் அது வெடிப்பினும், பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளமையால் பூமிக்கு ஆபத்தில்லை. விண்மீன்களுக்குப் பெயரிட்ட மரபுகளின் வழிவந்த நாம், அவற்றின் இயல்பையும் எமது பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாயின், இத்தகைய வீண் அச்சங்களுக்கு இடமிராது.